பல்லில் கடித்த ஸ்க்ரூடிரைவர்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர் என்றால்தான் தெரியும். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரும் நான்கு கடை தள்ளி இருந்தார். டாக்டரைத் தேடி வருபவர்கள் வழி கேட்டால், "உடம்புக்கா, வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தெருக்காரர்கள் கை காட்டுவார்கள். வண்டிக்கு என்றால் இந்த ஆயில் கடை. முன்னால் டின்கள் அடுக்கிய தட்டுகள், பக்கவாட்டில் இரண்டு வண்டி நிற்கிற முற்றம், அதன் நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை செய்ய ஒரு பள்ளம். வருவதெல்லாம் வயதான வண்டிகள். புது வண்டிக்காரன் டின்னைப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். இருபது வருஷம் ஓடிக் களைத்த என்ஜினுக்கு எதை ஊற்றுவது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அவருடைய வைத்தியம் எளிமையானது. என்ஜினை ஓடவிடச் சொல்வார். முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினின் தலையில் ஊன்றி, மரக் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். மற்ற மெக்கானிக்குகள் கைப்பிடியைக் காதில் வைப்பார்கள். இவருக்குப் பல்தான். பிறகு முனையை அடிப்பக்கம் வைத்து இன்னொரு தடவை. கண்ணைத் திறந்தால் எந்த ஆயில் என்று ஓர் எண் வரும். "பதினஞ்சு-நாப்பது ஊத்து. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இதை யாரும் பிரிக்க வேண்டாம்." சொன்னால் சொன்னதுதான். பாம்புச் செவி என்று டாக்ஸிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

அவர் மனைவி வேதியியல் படித்தவள். கடைக்குள் அவள் இடம் கல்லாவுக்குப் பின்னால் இருந்த புத்தகத் தட்டு. பழைய வண்டிகளின் கையேடுகள் நூற்று நாற்பது சேர்த்து வைத்திருந்தாள். ஒரு வண்டி வந்தால் முதலில் அவள் புத்தகத்தைப் புரட்டி, கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது என்று வாசிப்பாள். அவர் சிரிப்பார். அவளுக்கு அவர் வைத்த பெயரே 'புக்கு'.

"ஏ புக்கு, அது இந்த என்ஜின் பொறந்தப்போ எழுதினது. பொறந்தப்போ போட்ட சட்டையை இப்போ போட்டா ஏறுமா?"

"நீங்க பல்லால கடிச்சு சொல்றது மட்டும் வேதவாக்கா? ச்சீ, அந்தக் கைப்பிடியைக் கழுவியாவது தொலைங்க."

பத்துக்கு எட்டு தடவை புத்தகமும் பல்லும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். மற்ற இரண்டு தடவை பல் ஜெயிக்கும். அவளும் மனசுக்குள் ஒப்புக்கொள்வாள். வெளியே சொல்லமாட்டாள்.

வீட்டில் கதை வேறு. சமையலறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து தினசரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஊர்ல இருக்கிற என்ஜின் சத்தமெல்லாம் கேக்கும். பொண்டாட்டி சத்தம் மட்டும் செவிடன் காதுல ஊதின சங்கு" என்பாள். அவள் உதடு அசைவதைப் பார்த்த பிறகு நிமிர்ந்து, "என்ன புக்கு?" என்பார். போனை எடுக்கவே மாட்டார். கடையில் மணி அடித்தால், "நீயே பேசு, என் கை அழுக்கு" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். பதினோரு வருஷமாக அவர் கை அழுக்காகவே இருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன் அந்த மனிதர் செத்துப்போனார். நோயில்லை, நொடியில்லை. முற்றத்தில் ஒரு டாக்ஸியின் பானெட்டுக்குள் குனிந்து ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆயில் பீப்பாய் கொண்டுவரும் லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. டாக்ஸிக்கும் லாரிக்கும் நடுவில் அவர்.

லாரி டிரைவரைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அவனுக்குத் தெருவில் பெயர் 'நிதானம்'. காலையில் வரவேண்டிய சரக்கு சாயங்காலம் வரும், ஆனால் ஒரு டின் நசுங்கியிருக்காது. அன்றைக்கு அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னான். "மூணு தடவை ஹாரன் அடிச்சேன். மூணு தடவை அடிச்சேன்." முற்றத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. டாக்ஸிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் பின்கட்டில் அரைக்கும் மெஷினைப் போட்டிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் அவளைக் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "அடிச்சிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும். ஊருக்கே தெரியும், அவர் காது எப்பேர்ப்பட்டதுன்னு."

அதைக் கேட்ட தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நிதானமும் தலையாட்டினான். சுவரோரம் நின்றவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு எழுத்தரிடம், "டாக்டரம்மா சொல்றது சரிதான் சார். டாக்டருக்குக் கேக்கலைன்னா நான் அடிச்சிருக்க மாட்டேன். அடிச்சதா நினைச்சுக்கிட்டேன் போல" என்றான். அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். லைசென்ஸ் போயிற்று. வியாழக்கிழமை கடைசி விசாரணை. அதற்குப் பிறகு சிறைதான் என்று பேச்சு.

அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. உண்மையைச் சொன்னோம் என்று மட்டும் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை போஸ்ட்மேன் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் பெயர் அதுதான். அவர் ஓட்டிவந்த வண்டியைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாடல். வட்டமான முகப்பு, பட்டாணிப் பச்சை நிறம். அந்த மாடலின் கையேடு தட்டில் கடைசி மூலையில் இருந்தது. இந்த வண்டி இனி எங்கே வரப்போகிறது என்று அவளே அதை மூலையில் தள்ளியிருந்தாள்.

என்ஜின் மேலே டிக் டிக் என்று தையல் மெஷின் போலத் தட்டியது. பின் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு போஸ்ட்மேனின் அக்கா உட்கார்ந்திருந்தாள். நடக்க முடியாதவள். வாரம் மூன்று நாள் நாற்பது கிலோமீட்டர் தாண்டி அவளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். அதற்காகவே வாங்கிய வண்டி.

"நீ மக வீட்டுக்குப் போயிருந்தப்போ ஒரு தடவை வந்தேம்மா" என்றார் போஸ்ட்மேன். "டாக்டர் கேட்டுப் பார்த்துட்டு இருபது-அம்பது ஊத்துன்னு சொன்னார். என்ஜினைப் பிரிக்க வேண்டாம், வெறும் டாப்பெட் சத்தம்தான், மேல வால்வைத் தட்டுறதுதான்னார். அடுத்த வாரமே அவருக்கு இப்படி."

"ஊத்துனீங்களா அண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

"எங்க ஊத்துனான்? பக்கத்து வீட்டுக்காரன் புது ஆயில்னு ஒண்ணைக் காட்டுனான். தண்ணி மாதிரி இருக்கும், விலை கூட, அதனால உசத்தின்னான். இவன் பல்லைக் காட்டிக்கிட்டு அதை ஊத்திட்டு வந்தான். அன்னைலேருந்து இந்தத் தட்டு இன்னும் ஜாஸ்தி."

"அக்கா, நீ சும்மா இரு."

"காலு போச்சு, வாயாவது வேலை செய்யட்டும்டா."

விஷயம் இதுதான்: பெரிய ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே பேரிங் போய்விட்டது, பிரித்தே ஆகவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். மூன்று வாரம் வண்டி இல்லாமல் அக்காவை எப்படிக் கொண்டுபோவது? பிரிக்காமல் ஓட்டி, நடுவழியில் என்ஜின் இறுகிப்போனால் அக்கா என்ன ஆவாள்?

"டாக்டர் சொன்னது சரியா இருக்கும்ல?" என்றார் போஸ்ட்மேன்.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். இருங்க, புத்தகத்தையும் பார்த்துடறேன்."

ஸ்டூலில் ஏறி மூலையிலிருந்து கையேட்டை இழுத்தாள். வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தது. பிரித்ததும் நடுவிலிருந்து மடித்த தாள் கற்றை ஒன்று நழுவித் தரையில் விழுந்து விரிந்தது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள். மேலே ஒரு கேட்டல் பரிசோதனை நிலையத்தின் பெயர். அதன் கீழே அவள் கணவர் பெயர், முழுப் பெயர். அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத பெயர்.

குனிந்து எடுத்து எண்ணினாள். பதினோரு தாள்கள். வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரே மாதம், ஒரே தேதி. அது அவளுக்குத் தெரிந்த தேதிதான். வருஷா வருஷம் ஆயில் கம்பெனியின் டீலர் கூட்டம் என்று அவர் வெளியூர் போய்வரும் நாள். திரும்பும்போது, கூட்டத்தில் கொடுத்தார்கள் என்று ஒரு பேனா கொண்டுவந்து தருவார். அந்தப் பேனாக்கள் இன்னும் கல்லாவில் கிடந்தன. எதிலும் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. இப்போதுதான் அதைக் கவனித்தாள்.

இரண்டு காதுக்கும் கோடுகள் போட்டிருந்தார்கள். முதல் வருஷமே கோடு பாதிக்குக் கீழே. அடுத்த வருஷம் இன்னும் கீழே. நாலு மாதத்துக்கு முந்தைய கடைசித் தாளில் கோடு அடித்தட்டில் கிடந்தது. பக்கத்தில் கையெழுத்தில்: மிகக் கடுமையான குறைபாடு, அறுவை சிகிச்சைக்கு மீண்டும் பரிந்துரை, நோயாளி மறுக்கிறார்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். முற்றத்து என்ஜின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. பதினோரு வருஷம் அழுக்காக இருந்த கை. உதட்டைப் பார்த்த பிறகு நிமிர்ந்த முகம். என்ஜின்கள் இரைகிற கடையில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்திப் பேசுவார்கள், அதனால் அங்கே கேட்டது. அமைதியான வீட்டில் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அவரும் அதைக் கேட்காமலேயே எத்தனை தடவை சிரித்திருப்பார்.

பிறகுதான் அந்த வாக்கியம் வந்து நின்றது. அடிச்சிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சுவரோரம் நின்று, தான் அடித்த ஹாரனைத் தானே நம்பாமல் கையெழுத்துப் போட்ட நிதானத்தின் முகம் கண்ணுக்குள் வந்தது. நாளை மறுநாள் வியாழன்.

"என்னம்மா, புத்தகம் என்ன சொல்லுது?" என்று வெளியிலிருந்து போஸ்ட்மேன் கேட்டார்.

அதற்குள் அவளுக்கு இன்னொரு பயம் வந்துவிட்டது. காது கேட்காத மனிதர் எந்த என்ஜினைக் கேட்டு என்ன சொன்னார்? எத்தனை டாக்ஸிகள், எத்தனை குடும்பங்கள், எத்தனை வருஷம்? அவர் எண்ணைச் சொன்னார், அவள் டின்னை எடுத்துக் கொடுத்தாள். இந்த அக்காவையும் அப்படித்தான் ரோட்டில் அனுப்பப் போகிறாளா?

தாளை மறுபடி பார்த்தாள். கோடு வாசிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் முதல் தடவை ஒரு கோட்டை மட்டுமே பார்த்திருந்தாள். கட்டத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. கீழே விழுந்துகொண்டே போனது காற்று வழிக் கேட்டல். மேலே, பதினோரு தாளிலும் ஏறக்குறைய நகராமல் ஒன்று நின்றது. அதன் பெயர் எலும்பு வழிக் கேட்டல். பக்கத்தில்: இயல்பு.

எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கைப்பிடி மரத்தில் பல் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. யாரும் தொடாமல் ஐந்து வாரமாகத் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். கழுவவில்லை.

"அண்ணே, வண்டி ஓடட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க."

முனையை என்ஜினின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் கடித்தாள். இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொள்ள, போஸ்ட்மேன் ஸ்க்ரூடிரைவர் நழுவாமல் பிடித்துக்கொண்டார்.

அவள் உடம்பு தூக்கிப்போட்டது. என்ஜின் மண்டைக்குள் ஓடியது. டிக் டிக் என்று வெளியே கேட்டது உள்ளே ஒவ்வொன்றாகத் தனித்தனி அடியாக விழுந்தது. எட்டு தட்டல்கள், அதில் இரண்டு மட்டும் தளர்வாக. முனையை அடிப்பக்கம் மாற்றச் சொன்னாள். அங்கே தட்டல் இல்லை. ஒரு பெரிய கல் ஒழுங்காக உருள்கிற சத்தம் மட்டும். பேரிங் போயிருந்தால் அங்கே சம்மட்டி அடிக்கும் என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். போஸ்ட்மேனை இன்னொரு கையால் ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுக்கச் சொன்னாள். சம்மட்டி இல்லை.

இந்த நிலையில் யாராவது பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் தனக்கே கேட்குமா என்று யோசித்தாள். காதைப் பொத்தியிருந்தாள், மண்டை முழுக்க என்ஜின். கேட்காது.

"என்னம்மா, அழறியா?" என்றாள் பின் சீட்டு அக்கா.

"புகைக்கா."

வேலையைப் பார்த்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, என்ஜின் சூடாக இருக்கும்போதே அடி போல்ட்டைத் திருகினாள். பக்கத்து வீட்டுக்காரனின் உசத்தி ஆயில் தண்ணீராக இறங்கியது.

"இது கெட்ட ஆயில் இல்லண்ணே" என்று பள்ளத்திலிருந்தே சத்தமாகச் சொன்னாள். "புது என்ஜினுக்கு நல்லது. உங்க என்ஜின்ல தேய்ஞ்சு தேய்ஞ்சு இடைவெளி கூடியிருக்கு. இந்தத் தண்ணி அந்த இடைவெளில நிக்காம ஓடிடும். சூடானா இன்னும் இளகும். அப்போ மேல இருக்கிற டாப்பெட்டுக்கு ஆயில் பத்தாது, அதான் தட்டுது. இருபது-அம்பதுல பின்னாடி எண்ணுதான் சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது."

"அப்போ நூறு ஊத்தலாமே?" என்றார் போஸ்ட்மேன்.

"கஞ்சி குடிக்கிறவனுக்குக் களியை ஊட்டுறதா? ரொம்பக் கெட்டியானா காலைல மேல ஏறவே ஏறாது."

ஃபில்டரை மாற்றி, டின்னைத் திறக்குமுன் எண்ணைச் சரிபார்க்கக் கையேட்டை எடுத்தாள். வெயில் காலத்துக்கு இருபது-ஐம்பது என்றே அச்சிட்டிருந்தது. தாள்களைத் திரும்ப உள்ளே வைக்கப் போனபோது, கடைசித் தாள் புரண்டு முதுகைக் காட்டியது. பென்சிலில், அவருடைய கோணல் எழுத்து:

போஸ்ட்மேன் வண்டி. தட்டு மேலே மட்டும், அடி சுத்தம். 20-50. புக்கு, நீயும் ஒரு தடவை பார்த்துக்கோ.

அடியில் தேதி. அவர் போவதற்கு எட்டு நாள் முன்பு.

பார்த்துக்கோ என்று எதைச் சொன்னார்? வண்டியையா, தாளையா? இந்த வண்டி திரும்ப வரும், அவள் புத்தகத்தை எடுப்பாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் தாளைத் திரும்ப இங்கேயே வைத்திருக்கிறார். வாயால் சொல்லத் தைரியம் வராத மனிதர், அவள் பாஷையில், புத்தகத்துக்குள் எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். எட்டு நாள் காத்திருந்தார்.

புது ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து, ஓடவிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் தட்டல் தேய்ந்து, காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவுக்கு வந்தது. போஸ்ட்மேன் வாய் திறந்து நின்றார்.

"பாத்தியா, டாக்டர் காதுன்னா காதுதான்" என்றார்.

அவள் சட்டையைக் கழற்றினாள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். தாள்களை ஓர் உறையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, போற வழியில என்னைப் போலீஸ் ஸ்டேஷன்ல இறக்கிவிடுங்க."

பின் சீட்டில் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். தெருமுனை திரும்பியதும் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு. என்னடீம்மா ஆச்சு?"

"டாக்டருக்குக் காது கேக்காதுக்கா."

முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். வண்டி தானாக வேகம் குறைந்தது.

"என்னம்மா சொல்றே" என்றார் போஸ்ட்மேன் கண்ணாடியில் பார்த்து. "என் வண்டியை அவர்தானே கேட்டுச் சொன்னார்? இப்போ சரியாப் போச்சே."

"அதுவும் நெஜம்தான் அண்ணே."

"தெருவே சிரிக்குமேம்மா. இத்தனை நாள் அவர் பேரு…"

"நிதானத்துக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றாள். போஸ்ட்மேன் மறுபடி வேகம் கூட்டினார்.

அவள் களைத்துப்போய் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்தாள். உடனே என்ஜின் சத்தம் தலைக்குள் வந்தது, மெதுவாக, ஒழுங்காக.

இரவில் விளக்கை அணைத்த பிறகு அவள் ஏதாவது பேச ஆரம்பித்தால், அவர் இருட்டில் நகர்ந்து வந்து தன் நெற்றியை அவள் நெற்றியோடு ஒட்டவைத்துக்கொள்வார். "சொல்லு புக்கு" என்பார். வயசான காலத்தில் என்ன கொஞ்சல் என்று அவள் தள்ளிவிடுவாள். அவர் திரும்ப வந்து ஒட்டிக்கொள்வார். உதடு தெரியாத இருட்டில் அவள் குரல் அவருக்குள் போக அது ஒன்றுதான் வழி. அப்படி ஒட்டியிருந்தபோது அவள் சொன்ன எதையும் அவர் மறந்ததே இல்லை. அதையும் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

எத்தனை தடவை தள்ளிவிட்டிருப்பாள்?

ஸ்டேஷன் வாசலில் போஸ்ட்மேன் என்ஜினை நிறுத்தினார். தலைக்குள் ஓடியது சட்டென்று நின்றது. அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். எழுத்தர் அதே நாற்காலியில் இருந்தார்.

"என்னம்மா, வியாழக்கிழமைதானே?"

பதினோரு தாளையும் மேஜைமேல் வரிசையாக விரித்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் தேவையைவிடப் பெரிதாக வந்தது, காது கேட்காத ஒருவரிடம் சொல்வதுபோல.

"நிதானம் ஹாரன் அடிச்சார் சார். மூணு தடவை அடிச்சார். எழுதிக்கோங்க."